எல்லம்மா நகரின் நீலக்கோடு

வெள்ளானூர்
21.12.2023

ரேவதி அண்ணிக்கு,

புஷ்பா எழுதுகிறேன். உங்கள் தம்பி தேவாவின் மனைவி. இப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நிலையில்தான் நம் உறவு இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தீர்கள், தாலி ஏறியதும் சாப்பிடாமல் கிளம்பினீர்கள். நான் உங்களைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

செய்தி தெரிந்திருக்கும். உங்களுக்கும் போன் செய்ததாகப் போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அந்தப் பெரிய மழை அன்று காலையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ராத்திரியே மழை விட்டுவிட்டது, ஆனால் தண்ணீர் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே வந்தது. "இன்னாத்துக்கு போவ மாட்டேங்குது, பார்த்துட்டு வந்துர்றேன் புஷ்பா, டீ போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்தது, சேறு காய்ந்தது, அவர் வரவில்லை. தீயணைப்புப் படகில் தேடினார்கள். கீழ்ப்பாக்கம் முதல் திருவள்ளூர் வரை எல்லாப் பிணவறைக்கும் நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் வரவில்லை. கூடப் பிறந்தவர் வரவில்லையே என்று தெருவே கேட்கிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலும் அவர் குரலும் ஒன்று, அதே இழுப்பு. அதைக் கேட்டுத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது என் அப்பா, தை அமாவாசைக்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்கிறார். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் மனித உருவம் செய்து, அதை எரித்து, மற்ற சடங்குகளையும் செய்யலாமாம். ஐயரைப் பார்த்துப் பேசியும் விட்டார். அதோடு எல்லாம் முடிந்தது என்றாகிவிடும், யாரும் தேட மாட்டார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். புல்லுக்காக நான் தாலியைக் கழற்ற மாட்டேன்.

நீங்கள் வரைபடம் போடுகிறவர். "எங்கக்கா இந்தியாவையே சுருட்டி பீரோல வெச்சிகினு கீறா" என்று உங்கள்மேல் கோபமாக இருந்த நாளிலும் பெருமையாகத்தான் சொல்வார். அந்த வரைபடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் தெருத் தண்ணீர் எங்கே போகும்? அவரை எங்கே கொண்டுபோயிருக்கும்?

அமாவாசைக்குள் எனக்கு அவர் வேண்டும்.

புஷ்பா

*

டேராடூன்
30.12.2023

புஷ்பாவுக்கு,

கடிதம் வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். வந்தால் அவன் இல்லை என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

நானும் அவனும் பேசி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் அப்பா ஆவடித் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை எனக்குத்தான் வந்தது. மூத்தவள் நான், படித்தவளும் நான். தம்பிக்கு இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தக் குளிர் ஊரில் ஒரு தனியார் வரைபட நிறுவனத்தில் வந்து உட்கார்ந்தேன். அதை அவன் உன் அப்பாவோடு சேர்ந்து மனை விற்பதற்காக ராஜினாமா செய்தான். அன்று போனை வைத்தவள்தான். அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் பகுதியின் டோப்போ ஷீட்டின் நகலை மடித்து வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பாய். மலை, ஏரி, ரயில் பாதை எல்லாம் இருக்கும் தாள். அளவு ஐம்பதாயிரத்தில் ஒன்று. தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். உங்கள் எல்லம்மா நகர் முழுவதும் இதில் ஒரு மிளகு அளவுக்கு வரும். அதற்குள் தெருவோ வீடோ தெரியாது. ஆனால் தண்ணீரின் போக்கு தெரியும்.

நீல மையால் அம்புக்குறி போட்டிருக்கிறேன், பார். உங்கள் நகரின் கிழக்கே ரோட்டோரக் கால்வாய் இருக்கிறது. அது தென்கிழக்காக இறங்கி அம்பத்தூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி. தாளின்படி வேறு வழி இல்லை. அத்தனை வேகத்தில் போன தண்ணீர் கொரட்டூர் ஏரியில் நுழையும் இடத்தில்தான் வேகம் இழக்கும். வேகம் இழக்கும் இடத்தில்தான் சுமந்து வந்ததைப் போடும். அங்கே கரையோரம் இருக்கும் கோரைப் புதரில் தேடச் சொல்.

இதையும் ஆபீஸ் கணக்கு மாதிரியே எழுதி முடித்துவிட்டேன். அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ரேவதி

*

வெள்ளானூர்
9.1.2024

அண்ணிக்கு,

தாளைத் தரையில் விரித்து இரண்டு நாள் பார்த்தேன். எங்கள் நகர் சங்கத் தலைவர் பூபாலன் அண்ணன் உதவிக்கு வந்தார். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், உங்கள் அப்பாவையும் தெரியும் என்றார். கொரட்டூரில் மீன் பிடிக்கிறவர்களைப் பிடித்துப் பேசி, நீங்கள் அம்புக்குறி போட்ட அதே கோரைப் புதரில் இறக்கினோம்.

உங்கள் தாள் பொய் சொல்லவில்லை. ஒருவர் கிடைத்தார். அவர் இல்லை.

அம்பத்தூர்க்காரராம். இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் கொடியை வைத்து அடையாளம் சொன்னார்கள். அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி, கரையில் விழுந்து அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி, யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. என்ன ஜென்மம் நான் என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அதன்பிறகும் மூன்று தடவை போனோம். மீன்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் மறுபடி எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லச் சொன்னார்கள். என்ன நிறச் சட்டை, என்ன கைலி, கையில் என்ன வைத்திருந்தார். கையில் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த கடப்பாரை அன்றிலிருந்து காணோம். அதை எடுத்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார், அதனால் என்ன ஆகப்போகிறதோ.

அப்பா காரியத்துக்கு வேண்டியவர்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. அவருக்கும் மனசு சரியில்லை என்றுதான் நினைக்கிறேன், ஓரிடத்தில் உட்காருவதில்லை. எங்கள் நகரின் மேற்கு மூலையில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் ஒன்று இருக்கிறது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். தண்ணீர் வடிந்த கையோடு அங்கே லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கினார். அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாதாம். பாம்பு இருக்கிறது என்று கேட்டையும் பூட்டிவிட்டார். மருமகன் போன துக்கத்திலும் ஊருக்காக அலைகிறாரே என்று சனங்கள் பேசிக்கொள்கிறார்கள்.

வேறு எங்கே தேடுவது? சொல்லுங்கள்.

புஷ்பா

*

டேராடூன்
18.1.2024

புஷ்பா,

உன்னைத் தவறான ஏரிக்கு அனுப்பிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. புதிய பதிப்புதான் சரியான பதிப்பு, பழையது குப்பை. உனக்கு அனுப்பியது இரண்டு வருடத்துக்கு முன் திருத்தி வந்த தாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் சிம்ரன் என்று ஒரு பஞ்சாபிப் பெண், அதிகம் பேச மாட்டாள். அவள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கிடங்குக்குப் போய் அதே தாளின் முப்பது வருடத்துக்கு முந்தைய பதிப்பைத் தூசு தட்டி எடுத்துவந்து என் முன்னால் போட்டாள்.

அதில் எல்லம்மா நகர் இல்லை. வயல்தான். வயலுக்கு நடுவே மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு மெல்லிய நீலக்கோடு போகிறது. மேலே இருக்கும் சித்தேரி நிரம்பினால் வழியும் கால்வாய். கிழக்கே ரோட்டுப் பக்கம் அது போகவே இல்லை. புதிய தாளில் அந்தக் கோடு இல்லை. பழைய தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளைத் திருத்தியது எங்கள் பிரிவுதான். களத்துக்குப் போனவர்கள் அங்கே கால்வாய் இல்லை, வீடுகள்தான் இருக்கின்றன என்று எழுதியிருப்பார்கள். இங்கே யாரோ ஒருவர் அந்தக் கோட்டைத் தொட்டு அழித்திருப்பார். நானாகவும் இருக்கலாம், சிம்ரனாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்கு இப்படி நூறு கோடுகளை அழிக்கிறோம். யாருக்கு நினைவிருக்கும்?

நீ அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்தக் கால்வாய் என்ன ஆயிற்று? தண்ணீர் நிற்பதைப் பார்க்கப் போகிறவனுக்குக் கடப்பாரை எதற்கு?

ரேவதி

*

வெள்ளானூர்
24.1.2024

அண்ணிக்கு,

கடைசியில் நீங்களும் மற்றவர்கள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டீர்கள். ஏரியை அடைத்தான், கால்வாயை விழுங்கினான், தண்ணி பழி வாங்கிடுச்சு என்று வாட்ஸப்பில் எவனெவனோ எழுதுகிறான். அதையே நீங்கள் டேராடூனில் இருந்து தாளும் பென்சிலுமாகச் சொல்கிறீர்கள்.

கால்வாய் இருந்தது. சின்ன வயதில் அதில் குதித்திருக்கிறேன். அப்பா இந்த நகரைப் போடும்போது அதை ரோட்டோரமாகத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் அப்போது ஆவடியில் வாடகைக்கு இருந்தோம். குடிவந்த பிறகு ரோட்டோரக் கால்வாயை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த வேலையை முன்நின்று பார்த்துக்கொண்டவர் உங்கள் தம்பிதான். "கால்வாய எங்கயும் மூடல புஷ்பா, தள்ளி வெச்சோம், அவ்ளோதான்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அவர் ஊரை ஏமாற்றினார் என்கிறீர்களா? இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாதவர்மேல் பழி போடாதீர்கள்.

வேலையை விட்டார் என்று இன்னும் புழுங்குகிறீர்கள். ஏன் விட்டார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'அக்கா போட்ட பிச்சை'. டீ குடிக்கும் இடத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நீங்கள் கொடுத்ததை ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்தினீர்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு ஒரு தம்பியை வாங்கிக்கொண்டீர்கள். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

கடப்பாரை எதற்கு என்று எனக்குத் தெரியாது.

புஷ்பா

*

டேராடூன்
30.1.2024

புஷ்பா,

நீ எழுதியதில் பாதிக்கு மேல் உண்மை. அதற்குப் பதில் எழுதிக் கொண்டிருந்தால் அமாவாசை வந்துவிடும். பிறகு எழுதுகிறேன்.

இதோடு வைத்திருக்கும் தாளை யாரிடமும் காட்டாதே. வெள்ளத் தடுப்பு வேலைக்காக, இந்த மழைக்கு முன்பே உங்கள் பகுதிமேல் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த உயர அளவுகள் இவை. எங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாதவை. அனுப்பியதற்கு என் வேலை போகலாம், போகட்டும். இது ஆயிரத்தில் ஒன்று. இந்த அளவில்தான் முதல்முறையாக உன் வீட்டைப் பார்த்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. என் தம்பி வீட்டை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

பழுப்புக் கோடுகள் சமஉயரக் கோடுகள். ஒரே கோட்டில் இருக்கும் இடங்கள் எல்லாம் ஒரே உயரம். முன்பு அனுப்பிய தாள்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இருபது மீட்டர் வித்தியாசம். அதனால்தான் உங்கள் ஊர் முழுக்க மேஜை மாதிரித் தட்டையாகத் தெரிந்தது. இதில் கால் மீட்டர். உங்கள் நகரின் நடுவே கோடுகள் நாக்கு நீட்டியது போல வளைவதைப் பார். பழைய நீலக்கோடு போன அதே தடம். மண் போட்டு மூடியும் அந்தப் பள்ளம் மறையவில்லை.

ரோட்டோரக் கால்வாய் அந்தப் பள்ளத்தைவிட ஒரு ஆள் இடுப்பளவு மேட்டில் இருக்கிறது. சித்தேரித் தண்ணீர் ஏறிப்போய் அதில் விழ முடியாது. அப்படியானால் இத்தனை வருடம் சாதாரண மழைக்கு உங்கள் தெரு மூழ்காமல் இருந்தது எப்படி? தரைக்கு அடியில் ஒரு வழி இருக்க வேண்டும். குழாய் புதைத்திருக்கிறார்கள். அந்தப் பெரிய மழையில் அதன் வாய் அடைத்துக்கொண்டது.

வெள்ளத்தில் ஒருவன் கடப்பாரையோடு இறங்குகிறான் என்றால் எதையோ நெம்பித் திறக்கப் போகிறான். எதைத் திறக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. திறந்ததும் மேலே நின்ற அத்தனை தண்ணீரும் அதற்குள் போயிருக்கும்.

நாக்கின் மேற்கு நுனி எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துப் பார். பிறகு உன் சமையலறை ஜன்னலைத் திறந்து பார். பிறகு உன் அப்பாவைக் கேள்.

நான் தவறாக இருக்க வேண்டும் என்று இங்கே இருக்கும் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறேன்.

ரேவதி

*

வெள்ளானூர்
5.2.2024

அண்ணி,

தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது என்ன என்று கேட்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன். தட்டைத் தள்ளிவைத்தார்.

குழாய் இருக்கிறதாம். கால்வாயை அப்படியே விட்டால் நகரின் நடுவில் பாதி மனைகள் போய்விடும், அனுமதியும் கிடைக்காது. அதனால் ராவோடு ராவாகச் சிமெண்ட் குழாய் புதைத்து மூடி, ரோட்டோரத்தில் பேருக்கு ஒரு கால்வாய் வெட்டினார்களாம். குழாயின் வாயில் ஒரு தொட்டி, மேலே கல் பலகை. பூங்காவில். அவருக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே பாயில் படுத்த எனக்குத் தெரியாது.

அவர் அங்கேதான் போனார் என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "அன்னிக்கே தெரியும்மா. அவன் போய்ட்டான். தோண்டுனா இன்னா ஆவும்? இங்க ஊடு கட்டிகினு கீற அத்தினி பேரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. செத்தவனுக்கு புல்லும் ஒண்ணுதான், ஒடம்பும் ஒண்ணுதான். கீறவங்கள பாரு."

"நைனா, நீ மண்ணு கொட்டினது அவர் மேலயா?" என்று கேட்டேன்.

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பிணவறை பிணவறையாகப் போனபோது கூட வந்தவர் அவர்தான் அண்ணி. ஒவ்வொரு இடத்திலும் துணியை விலக்கும்போது என் கண்ணைப் பொத்தினார். அங்கே இருக்காது என்று தெரிந்துகொண்டே வந்தார். ஜன்னலில் நின்று நான் தினமும் அந்தச் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

பூபாலன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அமாவாசைக்கு முன்னால் தோண்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் விரைவு அஞ்சலில் வருகிறது. இதற்கு மேலும் அங்கே உட்கார்ந்து கோடு போடாதீர்கள். வாருங்கள். எனக்கு யாரும் இல்லை.

புஷ்பா

*

வெள்ளானூர்
20.2.2024

அண்ணி,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் இங்கே இருந்த நாட்களில் நாம் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தக் குழிக்கு மேல் நீங்கள் என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. இருக்கட்டும்.

ஊரார் இன்னும் நம்பாமல் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கடப்பாரை பலகைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருந்ததால்தான் அவர் அதற்கு மேல் போகாமல் குழாயின் வாயிலேயே இருந்தார் என்று போலீஸ்காரர் சொன்னார். கடைசிவரை விடாமல் பிடித்திருக்கிறார். மூடியது அவர்தான், திறக்கப் போனதும் அவர்தான். எதற்காக அவரை அழுவது, எதற்காகத் திட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்கிறேன்.

தாலியை அவர் மேல்தான் வைத்தேன், பார்த்தீர்கள். அது ஒன்றுதான் நான் நினைத்தபடி நடந்தது.

ஒன்று கேட்கிறேன். உங்கள் தாளில் அந்த நீலக்கோட்டைத் திரும்பப் போடுங்கள். அது இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

புஷ்பா

*

டேராடூன்
4.3.2024

புஷ்பா,

உன் கடிதம் வந்த அன்றுதான் எனக்கு வேலை நீக்க உத்தரவும் வந்தது. ட்ரோன் தாள் போலீஸ் கோப்பில் இருக்கிறது, யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. நான் மறுக்கவும் இல்லை. சிம்ரன் அழுதாள். எனக்கு வருத்தமில்லை. பொய், வருத்தமாக இருக்கிறது. இருபது வருடம் வேறு எதுவும் செய்யத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்தப் பிச்சை விஷயம். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்தது அவன் குரலைக் கேட்கத்தான். கேட்டதும் அதைத்தான் பேசுவேன். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

அங்கிருந்து கிளம்பும் அன்று உன் சமையலறை ஜன்னலில் இருந்து அந்தக் குழி வரை நடந்து அளந்தேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய், எதற்கு என்று கேட்கவில்லை. இங்கே வந்து ஐம்பதாயிரத்தில் ஒன்றாகக் கணக்குப் போட்டேன். தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட வரவில்லை. உன் வீட்டையும் அவன் கிடந்த இடத்தையும் அந்தத் தாளில் இரண்டு புள்ளியாக வைக்க முடியாது, ஒன்றின்மேல் ஒன்று விழும். நான் உன்னைப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கோரைப் புதரில் இறக்கித் தேட வைத்தேன்.

நீலக்கோட்டைப் போட முடியாது புஷ்பா. நான் அந்த வேலையில் இருந்திருந்தாலும் முடியாது. தரையில் இருப்பதைத்தான் வரைவோம். இருந்ததை வரைய மாட்டோம், இருக்க வேண்டியதையும் வரைய மாட்டோம். இப்போது அங்கே இருப்பது வீடுகள். களத்துக்கு யார் வந்தாலும் வீடு என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

குமணன்சாவடி
16.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, வாடகைக்கு. ஹாரன் சத்தத்தில் தூக்கம் வராது. வராமல் இருப்பது பழகிவிட்டது.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அந்தப் பழைய தாளையும் புதுத் தாளையும் எடுத்துக்கொண்டு வருவாய்த் துறைக்குப் போனேன். நீதிமன்றத்துக்கும் போனேன். அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னேன். அவர் இப்போது ஜாமீனில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுகிறார்.

ஆடி மாதம் அளந்தார்கள். நீங்கள் காட்டிய நாக்கு எங்கே போகிறதோ அங்கே எல்லாம் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். அதில் முதல் வீடு எங்களுடையது. என் சமையலறையை இடித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்தடுத்துப் போனவைதான் தாங்க முடியவில்லை. ஓய்வுப் பணத்தில் கட்டிய வீடுகள், மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த வீடுகள். ஒன்றும் தெரியாமல் வாங்கியவர்கள். பூபாலன் அண்ணன் வீடும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. எனக்காக மண்வெட்டி எடுத்து முதலில் குழியில் இறங்கியவர் அவர். இடித்த அன்று வாசலில் நின்று என்னைப் பார்த்து, "உன் புருஷன் கெடச்சிட்டான் இல்ல, அத்தோட உட்டிருக்கலாமேம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மனைவி மண்ணை வாரித் தூற்றினாள். அதையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

விட்டிருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. அப்புறம் அடுத்த மழையில் அந்தக் கல் பலகையைத் திறக்க இன்னொருவர் கடப்பாரையோடு இறங்கியிருப்பார் என்றும் தோன்றுகிறது. எது சரி என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

நேற்று நல்ல மழை. பஸ் பிடித்து அங்கே போனேன். சித்தேரி வழிந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பூங்கா இருந்த இடத்தின் வழியாக, என் சமையலறை இருந்த இடத்தின் வழியாக, பூபாலன் அண்ணன் வீடு இருந்த இடத்தின் வழியாக ஓடி வடகிழக்கே போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. இறங்கி நின்று பார்த்தேன், முழங்கால் அளவுகூட இல்லை. இவ்வளவுதான் அது கேட்டது அண்ணி. இவ்வளவு அகலம் விட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் அவர் வந்திருப்பார்.

உங்கள் தாளின் அளவில் அவர் பெயரை எழுத இடம் இருக்காது என்று தெரியும். அதைக் கேட்கவில்லை.

சிம்ரனிடம் சொல்லுங்கள். கோடு இப்போது தரையில் இருக்கிறது. வரையட்டும்.

புஷ்பா